ஆறிப்போன மூன்று டம்ளர் காபி

ஓசூர்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க முனீஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம். உன் அம்மாவைப் பற்றிப் போனில் சொல்ல முடியவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லாதே என்று கையை ஆட்டுகிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் காலில் செருப்பு கடித்த புண் சர்க்கரையால் ஆறாமல் இருந்தது உனக்குத் தெரியும். இங்கே கத்தோலிக்க டாக்டர்களும் நர்சுகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் லூர்துமேரி என்ற நர்சும் இன்னொரு நர்சும் ஞாயிறுதோறும் காலை ஏழரைக்கு வந்து புண்ணைப் பார்த்துக் கட்டு மாற்றினார்கள். மற்ற நாளில் அவர்கள் காட்டிக் கொடுத்தபடி நான் மாற்றினேன். காசு வாங்காமல் யார் இந்தக் காலத்தில் வீடு தேடி வருவார்கள்? மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் போனதும் ஏதாவது புத்தகம் வைத்திருக்கிறார்களா என்று அம்மாவின் தலையணைக்கு அடியில் தேடுவேன், பஞ்சும் பிளாஸ்திரியும்தான் இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நான் போட்டு வைத்த காபியை ஒரு வாரம்கூட அவர்கள் தொடவில்லை. வேணாங்கய்யா, இன்னொரு நாளைக்கு என்பார்கள். நம் சொந்த ஊர் ஜவளகிரியில் நம் வீட்டுத் தண்ணீரைத் தொடாதவர்களைச் சின்ன வயதில் நிறையப் பார்த்தவன் நான். ஐந்தாம் வாரம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, எங்க ஊட்டு காபி ஆவாதுன்னா நீங்களும் வர வேணாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் நானே கட்டினேன். கால் விரல் கறுத்துக்கொண்டு வந்தது என் கண்ணில் படவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள், மகளே. அங்கே டூட்டியில் இருந்தது அதே லூர்துமேரி. கேன்டீனில் காபி வாங்கி நீட்டினேன், குடிக்கிறாளா பார்ப்போம் என்றுதான். மடமடவென்று குடித்துவிட்டாள். அப்போ எங்க ஊட்டுல ஏம்மா குடிக்கல என்று கேட்டேன். ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைக்குப் போற வழியிலதானேங்கய்யா வர்றோம், அங்க நற்கருணை அப்பம் வாங்குற வரைக்கும் நாங்க ஒண்ணும் சாப்பிட மாட்டோம், உங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன் என்றாள். இனிமே பூசை முடிச்சிட்டே வாங்கம்மா என்று கேட்டுக்கொண்டேன்.

இன்று பூசை முடிந்து பத்து மணிக்கு வந்தார்கள். மூன்று டம்ளரும் காலி. ஆனாலும் கேட்கிறேன், அவர்களை முதலில் அனுப்பி வைத்தது நீதானே? நீயும் நர்ஸ் வேலையில் இருக்கிறவள், கூட வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பெண்களால் உனக்கு இந்த நோன்பு தெரிந்திருக்கும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வேளைக்குச் சாப்பிடு. நீயும் வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார். குலதெய்வம் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். விரல் போனதற்கு உன் அம்மா இதுவரை என்னை ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. நீயாவது திட்டிப் பதில் எழுது.

உன் அப்பா,
நாராயணப்பன்