உங்கள் கடிகார வாரில் நான் போட்ட இரண்டு துளைகள்

அத்தை, என் அத்தை,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தாராவியில் ஒரே அறையில் பதினான்கு வருஷம் சேர்ந்து இருந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் கடிதத்துக்கு என்ன வேலை இருந்தது? நீங்கள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் பாத்திரத்தை வேகமாக வைத்தால் உங்களுக்குப் புரியும். நீங்கள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்பதால் மெதுவாகவே எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கட்டும். உங்கள் சாவுக்கு வந்த எல்லோரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமியாரப் பெத்த தாயி மாதிரிப் பாத்துக்கிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வருஷமும் மூன்று மாதமும் அந்தப் பேரைச் சுமந்துவிட்டேன். எனக்கு அது வேண்டாம். அது ஏன் வேண்டாம் என்பதை நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன்.

செம்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் உங்கள் இடத்துக்கு வேறு ஆயா வந்துவிட்டாள். உங்களைப் பேச்சி மௌசி, பேச்சி மௌசி என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டவர்கள் இப்போது அவளை மௌசி என்கிறார்கள். குழந்தை பிறந்த நேரத்தைச் சத்தமாகச் சொல்வதற்கு மட்டும் யாரும் இல்லையாம். சுவர்க் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று டாக்டரம்மா உங்கள் கையைத்தான் பார்ப்பார், இல்லையா? அதற்காகத்தானே நீங்கள் பெரிய எண் போட்ட ஆம்பிளைக் கடிகாரமாகப் பார்த்து வாங்கினீர்கள். கண்ணாடி போடாமல் தெரிய வேண்டுமே.

அதோடு வந்த ஸ்டீல் செயின், பிரசவித்த ஒரு பெண்ணைத் தூக்கும்போது அவள் முடியைக் கவ்வி இழுத்துவிட்டது. அப்புறம் ரப்பர் வார் போட்டீர்கள். வேர்த்து, மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து அரித்தது. கடைசியில்தான் என் கடைக்கு வந்தீர்கள். தோல் கடைகள் இருக்கும் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷட்டர் கடை வாடகைக்கு எடுத்து, பெல்ட்டும் கடிகார வாரும் நானே வெட்டித் தைத்து விற்க ஆரம்பித்திருந்த சமயம். நான் கடை வைப்பதில் உங்களுக்கு விருப்பமில்லை. ஆறு மாசம் உள்ளே கால் வைக்கவில்லை. அன்றைக்கு வந்து, வாடிக்கையாளர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள்.

"நான் ஒரு நாளைக்கு அம்பது தடவ கை கழுவுறவ. தோலு தாங்குமாட்டி?"

"கழட்டி வச்சுட்டுக் கழுவுங்க அத்தே."

"வச்ச எடத்துல இருக்கும்னு நெனைக்கியா?"

"மேல் பையில போட்டுக்கோங்க."

முதலைத் தோல் மாதிரிப் பளபளவென்று அச்சு போட்ட கறுப்பு வார்தான் உங்கள் கண்ணில் பட்டது. வெளியே வாங்கி விற்பதற்காக வைத்திருந்த மலிவுச் சரக்கு அது. அதை மடக்கிக் காட்டினேன். மடிந்த இடத்தில் வெள்ளையாக வெடித்தது. ஓரத்தைப் பிரித்துக் காட்டினேன், உள்ளே அட்டை. "ஊரான் தலையில மட்டும் கட்டுவியாக்கும்" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேலே எருமைக் கன்றுத் தோல், கையில் படும் பக்கம் மெல்லிய ஆட்டுத் தோல், நடுவில் இழுபடாமல் இருக்கக் கெட்டித் துணி. உங்களுக்கென்று அப்படித் தைத்தேன். காபித்தூள் நிறம். நூலை உங்கள் மணிக்கட்டில் சுற்றி, என் சுண்டு விரல் நுழையும் அளவு தளர்த்தி அளந்தபோது ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து துளை போட்டேன். நடுத் துளையில் பக்கிள் கச்சிதமாக விழுந்தது. வெயிலில் வேர்த்து வீங்கினால் ஒன்று தள்ளிக்கொள்ளலாம், குளிரில் ஒன்று இறுக்கிக்கொள்ளலாம். ஒருவருக்கு வார் சரியாக அமைவது என்றால் அதுதான்.

இரண்டே வாரத்தில் அதில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டீர்கள். நிறம் கறுத்துப்போய், தையல் ஊறியிருந்தது.

"தோலுக்கு எண்ண வைக்காட்டா வெடிச்சிரும்லா?"

"அத்தே, அது உங்க தலமுடி இல்ல."

எவ்வளவு சிரித்தீர்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் சொன்னதற்கு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நான் சொன்னபடியே செய்தீர்கள். வேலை முடிந்து வந்ததும் கழற்றி, உலர்ந்த துணியால் உள்பக்கத்து வேர்வையைத் துடைத்து, ஜன்னல் கம்பியில் நிழல் படும் இடமாகப் பார்த்துத் தொங்கவிடுவீர்கள். மழை நாளில் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் பஸ் ஏறுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு. தன் உடம்புக்கு அப்படி ஒரு நாள் லீவு விட்டவர் இல்லை நீங்கள்.

அடுத்த மழைக்காலம் முடியும் சமயம் மறுபடி கடைக்கு வந்தீர்கள்.

"ஏட்டி, தோலு இழுத்துட்டு. கடிகாரம் வளையல் கணக்கா சுத்துது. ஒரு ஓட்ட போட்டுக் குடு."

வாரை வாங்கிப் பார்த்தேன். பக்கிள் அழுத்திய தடம் நடுத் துளையில் ஆழமாக இருந்தது. அதைவிட இறுக்கமான நான்காவதில் லேசாக. ஐந்தாவதில் இருந்ததே தெரியவில்லை, சில நாள்தான் அங்கே நின்றிருக்கும். நடுவில் கெட்டித் துணி வைத்துத் தைத்த வார் புதிதில் ஒரு நூல் அளவு இளகும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும் அத்தை. கடைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் வாரைப் பார்த்தே, "ஆள் நல்லா பருத்திருக்கீங்க போல" என்று சொல்லிச் சிரிக்கவைக்கிறவள் நான்.

"மழையில நனஞ்சிருக்கும்" என்றேன். நீங்கள் சொல்லாத காரணத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். பஞ்ச் உளியை வைத்து ஒரு தட்டு. வட்டமாக, சுத்தமாக விழுந்தது துளை. உங்கள் கையை நான் பார்க்கவில்லை.

வீட்டில் சோற்றைப் பாதியில் வைத்தீர்கள். "ஆஸ்பத்திரியில பேடா குடுத்தாங்க, வயிறு நெறஞ்சிருக்கு" என்றீர்கள். குழந்தை பிறந்தால் இனிப்புக்குப் பேடா கொடுப்பது வழக்கம்தானே என்று தட்டை எடுத்துக் கழுவினேன். தினமும் எத்தனை குழந்தை பிறக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா?

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டாம் தடவை வந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் தோலைக் குறை சொல்லவில்லை. மழையையும் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கழற்றாமலே கையை என் மேஜை மேல் வைத்தீர்கள். போன தடவை நான் போட்ட துளையில்தான் பக்கிள் இருந்தது. அப்படியும் வாருக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் இடைவெளி. எலும்பு முண்டு தனியாகத் தெரிந்தது. நான் நிமிர்ந்தேன். நீங்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னத்தப் பாக்க? போடு."

போட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். மேஜை மேல் பெல்ட் ஆர்டர் குவிந்து கிடந்தது, உண்மைதான். ஆனால் அது காரணமில்லை. நீங்கள் படுத்துவிட்டால் நான் ஷட்டரை இறக்க வேண்டும். உங்கள் மகன் மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறார்; பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. இந்த ஆர்டர் முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று நினைத்தேன். தெரியாமல் இருக்கும்வரை நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் இவ்வளவும் என் மனதில் ஓடியது. இதைத்தான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் ஏறிய ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியிலேயே மயங்கி விழுந்தீர்கள். டாக்டரம்மாவே டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். அங்கே இருந்த இளம் டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"வஜன் கப் ஸே கம் ஹோ ரஹா ஹை?"

எடை எப்போதிலிருந்து குறைகிறது. அந்தக் கேள்விக்கு என்னைப் போலத் துல்லியமாகப் பதில் சொல்லக்கூடியவர் அந்தக் கட்டடத்திலேயே யாரும் இல்லை. முதல் துளை மழை முடிந்தபோது, இரண்டாவது பொங்கலுக்கு முன்னால்.

"மாலூம் நஹீ" என்றேன். தெரியாதாம் எனக்கு.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். கொஞ்சம் முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. அதையும் கேட்கவில்லை.

வார்டில் ஊசி குத்துவதற்காகக் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். நீங்களே கழற்றி என் கையில் வைத்தீர்கள். "ஈரத்துல வச்சிராத" என்றீர்கள். அப்போதுதான் நான் கேட்டேன்.

"ஏன் அத்தே எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலேல்லா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அது கோபமா அத்தை? வருத்தமா? இல்லை, கேட்டதற்கு வெறும் பதிலா? பேசும் திராணி உங்களுக்கு அப்புறமும் ஒரு வாரம் இருந்தது. நான்தான் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உங்கள் மகன் வந்து சேர்ந்தபோது அவரை அடையாளம் கண்டீர்களா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நான்காவது நாள் எல்லாம் முடிந்தது.

இந்த வருஷம் ஜூலையில் அவர் லீவில் வந்தார். "அம்மா வாட்ச்ச எடு. நான் கட்டிக்கிடுதேன்" என்றார். வாரைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். பழைய நடுத் துளை அவர் கைக்குச் சரியாக இருந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், சட்டென்று நின்றார்.

"இந்த ரெண்டு ஓட்டையும் யாரு போட்டா? நீ எப்பவும் போடுற அஞ்சுல இல்லையே."

"அத்தையே ஊசிய வச்சுக் குத்திக்கிட்டாங்க" என்றேன்.

அவர் இந்தச் சந்துகளில் பிறந்து வளர்ந்தவர். ஊசி குத்திய துளை எப்படி இருக்கும், பஞ்ச் போட்ட துளை எப்படி இருக்கும் என்று தெரியாதவர் இல்லை. பக்கிளை மாட்டிக் கட்டிக்கொண்டார். விமானம் ஏறும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

அவர் போன இரண்டாவது வாரம் கோவண்டியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். வாரில் ஒரு துளை கூடுதலாக வேண்டுமாம். பஞ்ச் உளியை எடுத்தேன், தட்டமுடியவில்லை. அவள் கையைப் பிடித்து, "ஒடம்பு சரியில்லையா? டாக்டரப் பாத்தியா? எத்தன மாசமா எளைக்க?" என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் பயந்து கையை உருவிக்கொண்டாள்.

"ஆண்ட்டி, டயட்ல இருக்கேன். கல்யாணம் வருது."

ஒன்றுமே இல்லை. நல்ல திடமான பெண். அவளிடம் கேட்க முடிகிறது, பாருங்கள். துளையைப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். அன்று வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் உங்கள் மகனுக்கு விடுமுறை. போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்டரையும் சொன்னேன், ஷட்டரைப் பற்றி நினைத்ததையும் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரெண்டாவது ஓட்ட போடுறப்ப அம்மா கையப் பாத்தியா?"

"பாத்தேன்."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் போட்ட எந்தப் போனையும் அவர் எடுக்கவில்லை. இருபத்து மூன்று நாள். அண்ணன் நல்லா இருக்காரா என்று பக்கத்து வீட்டில் கேட்டால், நல்லா இருக்காரு என்றேன். வாட்ஸ்அப்பில் அவர் ஆன்லைனில் இருப்பது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பேன்.

முந்தாநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல்: "வார் அறுந்துட்டு. வேற அனுப்பு." அவ்வளவுதான். என் பேரைச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இந்த நாலு வார்த்தைக்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது, அத்தை? இருபது தடவை போட்டுக் கேட்டுவிட்டேன்.

அவர் கை அளவு எனக்கு ஒருமாதிரி தெரியும். ஜூலையில் பார்த்ததுதானே, கண்ணளவிலேயே வெட்டி நாளைக்கே அனுப்பிவிடலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். ஆனால் நான் பதில் அனுப்பினேன்: "நூலால கைய அளந்து சொல்லுங்க. கையையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. சரியா சாப்பிடுறீங்களா?" நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

தோல் மேஜை மேல் இருக்கிறது. வெட்டவில்லை. இன்று காலையும் கேட்டேன். நாளைக்கும் கேட்பேன். அவர் எரிந்து விழுந்தாலும், என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டாலும், வேறு யார் போனிலிருந்தாவது கேட்பேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன் அத்தை. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களிடம் கேட்காமல் போன உங்கள் மருமகள்,
இசக்கியம்மாள்