உன் போனில் நான் போட்ட பச்சை

என் நூர்ஜஹானுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. நம் மீமிசல் பள்ளிக்கூடத்தில் உன் நாற்காலியில் இப்போது கறம்பக்குடியிலிருந்து வந்த டீச்சர் உட்காருகிறார். ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கழிப்பறைக் குழாயில் மட்டும் இன்னும் தண்ணீர் வரவில்லை.

இதைச் சொல்லவா எழுத உட்கார்ந்தேன்? சுற்றி வளைக்கிறேன், உனக்குத் தெரியும்.

அந்தச் சாயந்திரம் நினைவிருக்கிறதா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று கல்வித் துறை ஆப்பில் ஏற்ற அன்றுதான் கடைசி நாள். நீயோ ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து, வடை மடித்து வந்த பேப்பரை நீட்டி வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள் என்பாய். தலைமையாசிரியை என்கிற அதிகாரத்தில் நான் உன் போனைப் பிடுங்கி, மீதிப் பதினொரு பேருக்கும் ‘சரளமாக வாசிக்கிறார்’ என்று அழுத்தினேன். எல்லாப் பெயரும் பச்சையாக மாறியது.

“பச்சையாயிட்டா பிள்ளைங்க படிச்சிருமாக்கா?” என்று மட்டும் கேட்டாய்.

வட்டாரத்திலேயே நம் பள்ளிதான் முதலிடம் என்று வாழ்த்து வந்தபோது கேசரி கிண்டிக் கொண்டுவந்தேன். நீ தொடவில்லை. நோன்பா என்று கேலி செய்தேன்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி சஃப்ரினா. போன வாரம் ஆறாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டில் சத்தம் வரவில்லை. திரையில் இருக்கும் கதையை நீயே வாசி என்று அவளிடம் சொன்னேன். ஏற்ற இறக்கத்தோடு அழகாகச் சொன்னாள். ஆனால் அது முந்தின நாள் போர்டு வாசித்துக் காட்டியபோது காதால் கேட்ட கதை. திரையில் இருந்தது வேறு.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இந்த வருடம் முழுக்கத் தனி வகுப்பு நடந்தது. ஆப்பைப் பார்த்துத்தான் ஆள் சேர்த்தோம். பச்சையில் இருந்த சஃப்ரினாவை யாரும் கூப்பிடவில்லை.

அவள் அம்மாவை வரச் சொன்னேன். மீன் ஏலத்திலிருந்து நேராக வந்தவர் கோபப்படக்கூட இல்லை. “நூர்ஜஹான் டீச்சர்தானே நல்லாப் படிக்கிதுன்னு போட்டாக? அவுகளே பொய் சொல்லிட்டாகளா?” என்றார்.

ஆப்பில் உன் பெயர்தானே இருக்கிறது. நானோ, நூர், தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எத்தனை மதியச் சாப்பாட்டு வேளைகள் இருந்தன! நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டேன். கோடை லீவில் உன் நெஞ்சு அப்படிச் சட்டென்று நின்றுபோகும் என்று யார் கண்டது? வெட்கமாக இருக்கிறது.

வருகிற புதன்கிழமை பெற்றோர் கூட்டம். சஃப்ரினாவின் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். பதினொரு பெயரையும் வாசித்து, இதையெல்லாம் அழுத்தியது நூர்ஜஹான் இல்லை, நான்தான் என்று மைக்கில் சொல்லப் போகிறேன். மறுநாளிலிருந்து ஒவ்வொருவரையும் வடை பேப்பரோடு பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பேன், சஃப்ரினாவை முதலில். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அன்றைக்கு நான் அவ்வளவு செய்த பிறகும் நீ என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாய்.

உன் பெயரைக் கெடுத்த
உன் அக்கா,
லெட்சுமி