நடைமீன் தொட்டியில் வரவுவிளக்கு அணைந்த செய்தி

மழை பொய்க்காத மருதேரி நாட்டின் பட்டத்தரசி, வெண்மணற்றுறைக் கோமகள், அல்லியங்கோதையார் திருமுன்பு. தங்கள் வயல்களில் நீர் நிற்கட்டும். தங்கள் கொற்றவரின் குடைநிழல் விரியட்டும். தங்கள் அன்னை பெருந்தேவி நாகவல்லியார் ஆணையின்படி அகமனைச் சிற்றமைச்சன் இளந்தத்தன் எழுதும் ஓலை. எழுதுகிறவன் தன்னை நான் என்று குறிக்கலாகாது என்னும் நம் அரண்மனை வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள்.

சித்திரைத் திங்கள், தேய்பிறை நான்காம் நாள்.

முதலில் ஒரு பிழை திருத்தம். நடைமீன் இழந்தது இடது பின்னங்கால் என்று சென்ற ஓலையில் எழுதப்பட்டது. அது வலது கால். இளந்தத்தன் தொட்டிக்கு எதிரே நின்று பார்த்து, தன் இடக்கைப் பக்கத்தை அதன் இடப்பக்கம் என்று கொண்டான். அந்திப் பாடசாலையில் ஓலை எழுதப் பழகுகிறவன் இவ்வளவு கூடக் கவனிக்கவில்லையே என்று நாணி, அதன்பின் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை பார்க்கிறான்.

மருதேரி அவையோர் நடைமீனைக் கண்டிருக்க மாட்டார்கள். கடல் கடந்த குளிர்நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்து, தாங்கள் வளர்த்த வெண்ணிற உயிர் அது. நான்கு கால்களால் நீரின் அடியில் நடக்கும். கழுத்தின் இருபுறமும் சிவந்த இறகுகள் போலச் செவுள்கள் விரிந்திருக்கும். இமையில்லாத கண், செதிலில்லாத தோல். காலை இழந்தால் மறுபடி முளைக்கும், நீர் மட்டும் குளிர்ந்திருக்க வேண்டும். தங்கள் மணநாளில் மங்கலம் என்று விருந்தினர் தங்கள் முற்றத்துக் கல்தொட்டியில் விட்ட சோடிக் கெண்டைகள்தாம் காலைக் கடித்தன. கெண்டைகள் அன்றே அகற்றப்பட்டன. காலின் இடத்தில் அரிசிமுனை போல ஒரு மொட்டும் வந்தது.

ஆனால் வரவுவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நம் குலமுறையைத் தாங்கள் அறிவீர்கள், அறியாதோர்க்காக எழுதப்படுகிறது. மகள் மணமாகிப் போனால் அவள் முற்றத்துத் தொட்டியைச் சுற்றி அகல்கள் ஏற்றப்படும். அவள் தன் கையால் எழுதிய முதல் ஓலை வரும்வரை அவை அணையலாகாது. அதுவரை அவளுடைய பொருள் எதுவும் அம்முற்றத்தை விட்டு நீங்கலாகாது. ஓலை வருமுன் யாரேனும் விளக்கை அணைத்தால், அம்மகளுக்குப் பிறந்த வீடு இல்லை. அவள் வந்தாலும் அவள் ஓலை வந்தாலும் கோட்டை வாசல் திறவாது.

முந்தைய பெண்மக்கள் எல்லாரும் எல்லை தாண்டுமுன்னே எழுதிவிட்டார்கள். தாங்கள் எழுதவில்லை.

தொட்டிக்கு மேலே மணப்பந்தல், சுற்றிலும் தீ, கோடைக்காற்று. நீர் வெதுவெதுப்பானது. அகல்களின் எண்ணெய் வழிந்து நீர்மேல் படர்ந்தது. செவுளில் பஞ்சு போல வெண்பூஞ்சை பிடித்தது. இளந்தத்தன் ஆழ்கிணற்று நீரைப் பானையில் ஆறவைத்து ஊற்றினான், தொட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டினான், இளம் உப்புநீரில் செவுளை நனைத்தான். காலையில் குளிர்ந்த நீர் நண்பகலுக்குள் சூடேறியது. மண்புழுவை வாயருகே நீட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தான் செய்வது வைத்தியமா, வதையா என்று அவனுக்கே விளங்கவில்லை.

தங்கள் தந்தை கோமான் திருமுன் இளந்தத்தன் இதைச் சொன்னபோது, ஒரு மீனுக்கு வேர்க்கிறது என்று குலவிளக்கை அணைக்கச் சொல்கிறாயா, உன் பாடசாலையில் இதைத்தான் படித்தாயா என்று கேட்டார். அவையோர் சிரித்தார்கள். பிறகு, அவள் எழுதட்டும், விளக்கு தானே அணையும், எத்தனை நாள் பிடிவாதம் பிடிக்கிறாள் பார்க்கலாம் என்றார்.

தங்களிடம் வந்த தூதர் திரும்பி வந்து வாய்மொழியாகச் சொன்னதும் இங்கே பதியப்படுகிறது. என்னைக் கேட்காமல் ஓலை எழுதி என்னை அனுப்பிவைத்தவர்களுக்கு என் கையெழுத்து ஒரு கேடா என்று தாங்கள் வினவியதாகச் சொன்னார். நடைமீனுக்குக் கால் முளைத்ததா என்று இரண்டு முறை கேட்டதாகவும் சொன்னார். இரண்டையும் கேட்ட பெருந்தேவியார், எங்கள்மேல் உள்ள கோபத்தை அந்த வாயில்லாத உயிரா சுமக்க வேண்டும், அப்பனும் மகளும் ஒரே அச்சு என்றார்.

இன்று காலை நடைமீன் ஒருக்களித்து மிதந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று பெருந்தேவியார் கேட்டார். நாளை வரை தாங்குவது கடினம் என்று இளந்தத்தன் சொன்னான். அவனுக்கு அது உறுதியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பெருந்தேவியார் குடத்தை எடுத்தார். நண்பகலில், அவையோர் பார்த்திருக்க, அகல் ஒவ்வொன்றிலும் தம் கையாலேயே நீர் வார்த்தார். கோமான் தூண் அருகே நின்றிருந்தார். தடுக்கவில்லை. கடைசி அகல் அணைந்ததும், அணைத்தவள் நீ, அதை ஓலையில் மறக்காமல் எழுதச் சொல் என்றார். பெருந்தேவியார் கோமானைப் பார்க்காமலே இளந்தத்தனிடம், அப்படியே எழுது, அவளுக்கு வீடு போயிற்று, மீன் இருக்கிறது என்று எழுது என்றார்.

ஆகவே அவ்வாறே எழுதப்படுகிறது.

நடைமீன் இப்போது நெல்லறையின் இருட்டில், புதுப்பானையில் இருக்கிறது. மாலையில் ஒரு துண்டு புழுவைக் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வி விழுங்கியது. பூஞ்சை குறையவில்லை. கால்மொட்டு கருகவில்லை. பிழைக்கும் என்று எழுத இளந்தத்தனுக்குத் துணிவில்லை.

ஒரு வரி போதுமாயிருந்தது, தேவி. நலம் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அது உண்மையாகக்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. இவ்வரியை நீக்கிவிடவா என்று இளந்தத்தன் கேட்டான். இருக்கட்டும் என்பது பெருந்தேவியார் கட்டளை.

இது பெருந்தேவியார் இலச்சினை இட்ட ஓலை. இதை அவையில் படிப்பித்துக் கேட்டருள்க. விடை எழுத வேண்டியதில்லை; எழுதினாலும் இங்கே வாங்கமாட்டார்கள்.

நாளை இளந்தத்தன் செய்ய வேண்டியது: விடிந்ததும் பானை நீரை மாற்றுவது, செவுளை உப்புநீரில் நனைத்தெடுப்பது, பின்பு கோட்டை வாசலுக்குப் போய், மருதேரியிலிருந்து ஓலைக்காரன் வந்தால் திருப்பி அனுப்பும்படி காவலரிடம் சொல்வது.