விவியனுக்கு ஒரு நாவற்பழ நிறச் சால்வை

2 ஆகஸ்ட் 2025, சனி

விவியன் மிஸ் அடுத்த மாதத்தோடு பின்னல் வகுப்பை நிறுத்துகிறார். ஈப்போவில் தங்கை வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். பிரிக்பீல்ட்ஸில் என் நூல் கடை மாடியில், ஏழு வருஷமாகச் சனிதோறும் நடத்தும் வகுப்பு. "செராஸ் வீட்டுல தனியா இருந்து என்ன பண்றது, மிஸ்டர் ரபேல்?" என்றார். நான், "ஆமா லா, ஈப்போ ரோட்டுல ஜேம் இல்ல" என்றேன்.

மடையன். பதினெட்டு வயதில் கிள்ளான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பொத்தானும் ஜிப்பும் கூவி விற்றவன் நான். போகாதீங்க என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

3 ஆகஸ்ட்

பூசையில் மனம் நிற்கவில்லை. மனைவி மேரி இறந்து ஒன்பது வருஷம். ஐம்பத்தெட்டு வயதில் இதை எப்படிக் கேட்பது?

பேச்சு வராவிட்டால் சரக்கை எடுத்துக் காட்டு. கடையில் அப்படித்தானே செய்கிறேன்? விவியன் மிஸ் சபையில் பியானோவுக்கு நேர் மேலே ஏர்கோன் குளிர்காற்று. தோளில் டவலைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறாராம். ஒரு சால்வை பின்னிக் கொடுத்துவிட்டுக் கேட்டுவிடுகிறேன்.

6 ஆகஸ்ட்

கார்ட்டர் பின்னல்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு மேடாக வரும், ஓரம் சுருளாது. ஆனால் நேர்த் துண்டாகப் பின்னினால் தோளில் நிற்காமல் வழுக்கிவிடும். அதனால் ஷார்ட் ரோ — வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்பிவிடுவது. ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து ஆப்பு மாதிரி வளையும். ஆப்பு கடுகு மஞ்சள், நடுவில் சாம்பல் பட்டை.

9 ஆகஸ்ட், சனி

திரும்பும் இடமெல்லாம் கோளாறு. மஞ்சள் நூலால் சாம்பல் கண்ணியைச் சுற்றித் திரும்பினேன். அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஆசிரியையிடமே கேட்டேன்.

"ஒரு கஸ்டமர் கேக்குறாங்க மிஸ். சுத்தித் திரும்புறதா, ஜெர்மன் முறையா?"

"ஒரே நிறம்னா சுத்தலாம், மேட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கும். ரெண்டு நிறம்னா ஜெர்மன்தான். திரும்பினதும் கண்ணியை எடுத்துட்டு நூலை மேல இழுத்தா ரெட்டையா நிக்கும். அடுத்த தடவை ரெண்டையும் ஒண்ணாப் பின்னிடணும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க கஸ்டமர் அவசரக்காரரா?" என்றார்.

"ரொம்ப."

"அப்ப ஓட்டை விழும். மெதுவா இழுக்கச் சொல்லுங்க."

நாலு நாள் வேலையைப் பிரித்தேன்.

13 ஆகஸ்ட்

டெங்கிலிலிருந்து மகள் கேத்தரின் வந்தாள். என் பின்னல் பையைத் திறந்து பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவே இல்லை.

"அப்பா, இது மேல் தட்டுல ரெண்டு வருஷமா விக்காத மஞ்சள்தானே?"

"நல்ல பருத்தி."

"போகாத சரக்கை அவங்க தலையில கட்டுறீங்களா?"

சத்தியமாக நான் யோசித்து எடுக்கவில்லை. கை பழக்கத்தில் அந்தத் தட்டுக்குப் போயிருக்கிறது. நாற்பது வருஷ வியாபாரம் கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது! மறுபடி முழுதும் பிரித்தேன்.

16 ஆகஸ்ட், சனி

இன்று விவியன் மிஸ்ஸைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன். வாடிக்கையாளர் வாய் மலிவானதைத்தான் கேட்கும். கை மட்டும் பிடித்த நூலில் போய் நிற்கும். அவர் கை நாவற்பழ நிறத்தில் நின்றது. மாடி ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. பக்கத்தில் பாண்டான் இலைப் பச்சையை லேசாகத் தொட்டார்.

முடிவு: ஆப்புகள் நாவற்பழம், பட்டை பச்சை.

சிக்கல்: நாவற்பழத்தில் இருப்பதே ஆறு உருண்டை. ஆறும் கம்போங் மேடானிலிருந்து வகுப்புக்கு வரும் ஹலீமா அக்கா சொல்லி வைத்தது.

17 ஆகஸ்ட்

போன் போட்டேன். சொல்லி வைத்த சரக்கை நான் திருப்பிக் கேட்டதே இல்லை.

"யாருக்குன்னு சொல்லு, விட்டுத் தரேன்" என்றார் அக்கா.

சொன்னேன். ஒரு நிமிஷம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. "உனக்கு இப்பத்தான் தெரியுமா? மாடி வகுப்புக்கே தெரியுமே லா!"

24 ஆகஸ்ட்

எட்டு ஆப்பு முடிந்தது. திரும்பும் இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. பெருமையாக இருக்கிறது, சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

30 ஆகஸ்ட், சனி

கொடுத்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லாமல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு ஆப்பாகப் பார்த்தார்.

"அஞ்சாவதுல ஒரு ஓட்டை."

"அன்னிக்குக் கடையில கூட்டம், மிஸ்."

போர்த்திக்கொண்டார். கழற்றவில்லை. சரி, இப்போது விட்டால் எப்போதும் இல்லை — "ஈப்போவுக்குப் போகாதீங்க" என்றேன்.

"வகுப்புக்காகவா, எனக்காகவா? நேராச் சொல்லுங்க."

"உங்களுக்காக. கல்யாணம் பண்ணிக்கலாம்."

"ஒரு வாரம் குடுங்க" என்று சால்வையோடு படி இறங்கிப் போனார்.

3 செப்டம்பர்

ஒரு வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை இரண்டு தடவை கொடுத்தேன். என்ன வாரம் இது!

6 செப்டம்பர், சனி

வந்தார். கையில் நிபந்தனைகள் எழுதிய ஒரு தாள். பேரம் பேசிப் பார்த்தேன், ஒரு வரிகூட அசையவில்லை.

ஜனவரியில் பதிவுத் திருமணம். குடியிருப்பு கிள்ளானில் என் வீட்டில். செராஸ் வீடு அவர் பெயரிலேயே இருக்கும், நான் வாயைத் திறக்கக் கூடாது. சமையல் நாலு நாள் நான், மூன்று நாள் அவர். சனி மாலைப் பூசைக்கு இருவரும் என் கோவில், ஞாயிறு காலை இருவரும் அவர் சபை. மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் இரண்டும் இல்லை: போர்ட் கிள்ளானில் பசியாறிவிட்டு வீட்டில் தூக்கம். ஒப்புக்கொண்டேன்.