கடை எண் ஒன்பதின் முறை

ஆகஸ்ட் 11
காலையிலிருந்து தூறல். பெயின்ட் வாளிகளை வாசலிலிருந்து உள்ளே தள்ளியதில் இடுப்பு வலி. வணிகர் சங்கச் செயலாளர் யாதகிரி வந்தான். எங்கள் திருமுல்கேரிக் கடைத்தெருவில் சுதந்திர தினக் கொடியைக் கடை எண் வரிசைப்படி ஏற்றுவது வழக்கம். இந்த வருஷம் ஒன்பது, என் கடை.

"ஏமனுகோகு அன்னா, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவையும் நம்ம ஏரியா கட்சித் தலைவரே ஏத்தட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க."

ஏன் என்றேன்.

"நீங்க மெட்ராஸ்காரர். காலம் முன்ன மாதிரி இல்ல."

இந்தத் தெலுங்கு ஊரில் முப்பத்தோரு வருஷம். தனி மாநிலம் கேட்டு இவர்கள் சாலையில் உட்கார்ந்தபோது ஷட்டரை இறக்கிவிட்டுக் கூட உட்கார்ந்தவன் நான். அன்று எவனும் ஊர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12
கோபம் இறங்கவில்லை. ப்ரைமர் கேட்டவருக்கு வார்னிஷ் கொடுத்தனுப்பினேன். தலைவராம். மூன்று ஆட்சி, மூன்று நிறத் துண்டு, கழுத்து அதே. டில்லியில் காற்று திரும்பினால் இங்கே துண்டு திரும்பும். இவர் ஏற்றினால்தான் சுதந்திரமா?
மகள்: "லைட் தீஸ்கோ டாடி, பெரிசா எடுத்துக்காதீங்க."
மனைவி: "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. நாளைக்கும் இங்கதான் கடை நடத்தணும்."

ஆகஸ்ட் 13
என் முறையை எனக்கே தரச் சொல்லிச் சங்கத்துக்கு மனு எழுதிக் கையெழுத்துக்கு அலைந்தேன். துணிக்கடை: நாளைக்கு வாங்க. மருந்துக்கடை: போனில் பேசுவதுபோல் பாவனை. எட்டாம் எண், பேக்கரி ஜாஃபர் பாய். நிதானமாகப் படித்தார்.

"போன வருஷம் என் முறை அண்ணாச்சி. என்னைத் தாண்டித்தான் தலைவரைக் கூப்பிட்டாங்க. அப்ப நீங்க காகிதம் கொண்டு வரலையே."

சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார். அதுதான் சுட்டது. 'வியாபாரம் பண்ற இடத்துல அரசியல் எதுக்கு' என்று போன வருஷக் கூட்டத்தில் சொன்னவனே நான்தான்.

ஆகஸ்ட் 14
சங்கக் கூட்டம். பாய் வரவில்லை. எழுந்து சொன்னேன்: விட்டுப்போன எட்டாம் எண் ஏற்றட்டும், அடுத்த வருஷம் நான்.
யாதகிரி: "உங்க முறையே போச்சு, இதுல அடுத்தவருக்கு வக்காலத்தா அன்னா?"
சிரிப்பு. கை தூக்கச் சொன்னார்கள். என் கை ஒன்றுதான்.

ஆகஸ்ட் 15
நல்ல வெயில். தலைவர் ஒன்றரை மணி நேரம் தாமதம். நான் கம்பத்தடிக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம், பேக்கரியில் சாய்.
"தப்பு என் மேலதான் பாய்."
"ஹவ், ஆமா. ஆறிடும், குடிங்க."
கார் வந்தது. தலைவர் இறங்கிக் கயிற்றை இழுத்தார். தேசிய கீதம். தம்ளரை வைத்துவிட்டு இருவரும் அங்கேயே எழுந்து நின்றோம். யாதகிரி, கீதத்துக்கு நடுவிலேயே, போட்டோவுக்கு வரச் சொல்லிக் கையை ஆட்டினான். கீதத்தின்போது அசையக் கூடாது. நின்றேன்.
முடிந்தது. மறுபடியும் கூப்பிட்டான். அசையவில்லை.