கழுத்து விறைத்த வெள்ளிக்கிழமை

உண்ணாமலையின் அம்மாவுக்கு,

அவளுக்குத் தம்பி பிறந்து பதினைந்து நாளாகியும் நான் உன் தாய்வீட்டுக்கு, சீயமங்கலத்துக்கு வரவில்லையே என்று கோபமாக இருப்பாய். பச்சை உடம்புக்காரியிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று உன்னைப் பெற்ற நைனாதான் தடுத்தார். இனி என்னால் முடியாது.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த உண்ணாமலை என்னிடம், "நைனா, தலை வலிக்குது, பின்கழுத்தும் இழுக்குது" என்றாள். வெயில்தான் என்று நினைத்துத் தைலம் தடவிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் உடம்பு கொதித்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தலை பின்னலாம் என்று உட்காரவைத்துக் குனியச் சொன்னேன். கழுத்து மடங்கவே இல்லை, அலறிவிட்டாள்.

அப்போதே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நம் கடையில் தீபாவளிக் கூட்டம். "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்மா" என்றேன்.

"சரி நைனா" என்றாள்.

மறுநாள் கண் திறந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கழுத்து எப்போலேர்ந்து விறைச்சிருக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்து காலையிலேர்ந்து."

"காய்ச்சலோட கழுத்து விறைச்சா ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதுங்க" என்றார்.

சாயங்காலம் அதே வண்டியில் திரும்பினோம். என் மடியில்தான் கிடந்தாள், கொதித்த உடம்பு சில்லிட்டிருந்தது. வண்டி அத்தனை குலுங்கியும் வலிக்குதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ வந்து என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஒன்று மட்டும் செய். தம்பிக்கு உடம்பு சுடும்போது நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னால், என்னைத் தள்ளிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடு.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்கத் துணிவில்லாதவன்