சத்தம் ஒரு பெட்டியில், படம் ஒரு பெட்டியில்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
14.10.2007, ஞாயிறு

அன்பு மகள் கிளாராவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை பிராங்கிளினும் பேரன் பாப்புவும் சுகமா என்று எப்போதும் ஒரு வரியில் கேட்டுவிட்டு அடுத்த சேதிக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டால் இங்கே அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொள்கிறாள், அங்கே மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அந்தச் சந்தடியில் எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் சொல்ல ஆரம்பித்து, அங்கே மழை உண்டா என்று கேட்டேனே, நீகூடச் சிரித்தாய், பாலைவனத்தில் என்ன மழை அப்பா என்று. நான் கேட்க வந்தது மழையை அல்ல. நம் பாப்புவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா அம்மா? உட்கார்ந்துகொண்டு படி. பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டுப் படி.

நீ செப்டம்பர் கடைசியில் அனுப்பிய மெயிலை ரஹ்மத்துல்லா பாய்தான் படித்துக் காட்டினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முன்பு கேசட் கடை வைத்திருந்தாரே, அவர்தான், இப்போது அதையே பிரவுசிங் சென்டர் ஆக்கிவிட்டார். பாப்பு எம்புட்டுக் கருத்தா விளையாடுறான் பாருங்க, பின்னாடி நின்னு கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்கிறான் என்று நீ எழுதியிருந்தாய், அதன் கீழே வீடியோவுக்கு லிங்க் கொடுத்திருந்தாய். நீ சந்தோஷமாகத்தான் எழுதினாய். பாயும் சிரித்துக்கொண்டேதான் படித்தார். எனக்கு மட்டும் அந்தத் திரும்ப மாட்டேங்கிறான் என்ற இடத்தில் இடறியது. அம்மா பக்கத்தில் இருந்ததால் நானும் சிரித்துவைத்தேன்.

அந்த லிங்க்கைத் திறந்தால் எந்தப் பிளேயரில் பார்க்க வேண்டும் என்று மூன்று பட்டன் வந்தது. முதல் பட்டனை அமுக்கினோம். வட்டம் சுற்றிச் சுற்றி, மூன்று நொடி ஓடி, நின்று, மறுபடி சுற்றி, ஒரு வழியாகப் படம் வந்தது, சத்தம் இல்லை. பாப்பு தரையில் உட்கார்ந்து கலர் வளையங்களைக் கோத்துக்கொண்டிருக்கிறான், நீ மஞ்சள் சுடிதாரில் வாசல்படி ஓரம் அவனுக்குப் பின்னால் நிற்கிறாய், உன் வாய் அசைகிறது. அம்மா கம்ப்யூட்டரில் மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தாள். எம்மவ இளைச்சுப் போனா என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குள் நுழைந்ததும், ஏங்க, ஊருக்கெல்லாம் சத்தம் குடுக்கிறீங்க, பெத்த மக அனுப்புனதுக்குச் சத்தம் வர வைக்க முடியாதா, நாளைக்கே போய் வர வையுங்க என்று பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து காலையில் காப்பியோடு அதே பேச்சு, ராத்திரி சோற்றோடு அதே பேச்சு. எனக்கும் சத்தம்தான் வேண்டியிருந்தது. நீ எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாய் என்று தெரிய வேண்டும். மெதுவாகக் கூப்பிட்டிருந்தால் பிள்ளை விளையாட்டுக் கவனத்தில் விட்டிருப்பான், உரக்கக் கூப்பிட்டிருந்தால் கதை வேறு.

முப்பத்திரண்டு வருஷ மைக் செட் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். திருவிழாக் கூட்டத்தில் மைக் செத்துப்போனால் பதறக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் வயரை, அடுத்து மைக்கை, அப்புறம் ஆம்ப்ளிஃபயரை, கடைசியில் குழாய் ஸ்பீக்கரான ஹாரனை. எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கழற்றினால் கோளாறு எங்கே என்று கடைசி வரை தெரியாது. அப்படித்தான் இதையும் பார்த்தேன். மறுநாள் ஹெட்போனை மாற்றினேன், சத்தம் இல்லை. கம்ப்யூட்டரை மாற்றி உட்கார்ந்தேன், அதிலும் இல்லை. அடுத்து இரண்டாவது பட்டன், வேறு பிளேயர். அதில் சத்தம் வந்தது, ஆனால் திரை கன்னங்கரேலென்று கிடக்கிறது! பாப்பு, பாப்பு என்று உன் குரல் கேட்கிறது, பிள்ளை தெரியவில்லை. மூன்றாவது பட்டன் என்னவோ ஒன்றை இறக்கச் சொல்லிக் கேட்டது, சரி என்றதும் கம்ப்யூட்டரே அசையாமல் நின்றுவிட்டது. பாய் தலையைச் சொறிந்துகொண்டு, அண்ணே, படத்துக்கு ஒரு சாவி, சத்தத்துக்கு ஒரு சாவி, இந்தப் பிளேயருக கிட்ட ஆளுக்கு ஒண்ணுதான் இருக்கு என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஒன்றில் படம் இருக்கிறது, ஒன்றில் சத்தம் இருக்கிறது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டையும் சேர்த்து ஓட்டினால் என்ன? பாய் ஒன்றில், நான் ஒன்றில், ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணி அமுக்கினோம். நாலு தடவை ஓட்டியதில் மூன்று தடவை முன்பின்னாகப் போய்ச் சொதப்பியது. நாலாம் தடவை பார், நீ பாப்பு என்று கூப்பிடுகிறாய், பிள்ளை சட்டென்று திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நேரே கோவிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, வருகிற வழியில் அம்மாவுக்குச் சூடாகப் பக்கோடா வாங்கிக்கொண்டு வந்து, புஷ்பம், சத்தம் வந்துருச்சு, கூப்பிட்டதும் புள்ள திரும்புறான் என்றேன். அவள் பக்கோடாவைத் தொடவில்லை. சத்தமும் படமும் ஒரே பெட்டியிலயா வந்துச்சு என்று கேட்டாள். எனக்கு முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிட்டது. மைக் செட்டுக்காரனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் அல்லவா. சத்தம் ஓடிய கம்ப்யூட்டர் நடுநடுவே நின்று நின்று ஓடியதை நான் பார்க்காமலா இருந்தேன்? பிந்தி வந்த சத்தம் பிள்ளை தானாகத் திரும்பிய இடத்தில் போய் விழுந்திருக்கலாம் என்று தெரிந்தும், பார்க்காததுபோல் விட்டுவிட்டேன். அடுத்தவன் வேலையில் இப்படி ஒரு கோளாறைக் கண்டால் நான் என்ன திட்டுத் திட்டியிருப்பேன்.

அதற்கு மறுநாள் வேடசந்தூரில் ஒரு கல்யாண வேலை. நம் காத்தமுத்துவும் நானும்தான் போனோம். மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் ஹாரன் கீச்சென்று ஊளையிடுகிறது, சனம் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது, நான் ஆம்ப்ளிஃபயர் முன்னாலேயே உட்கார்ந்து சும்மா இருந்திருக்கிறேன். காத்தமுத்து ஓடிவந்து குமிழைத் திருகிவிட்டு, என்னண்ணே, ஒங்களுக்குக் காது கேக்கலையா என்றான். அந்த வார்த்தை குத்திய குத்தில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பாப்பு பிறந்து இரண்டு மாதம், நீ இங்கே இருக்கிறாய், நான் முற்றத்தில் புது ஹாரனை டெஸ்ட் செய்தேன். தெருவே அதிர்ந்தது, பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் சண்டைக்கு வந்தாள். தொட்டிலில் இருந்த பிள்ளை இமையைக்கூட அசைக்கவில்லை, அப்படியே தூங்கினான். மைக் செட்டுக்காரன் பேரன்ல, சத்தம் அவனுக்குத் தாலாட்டு மாதிரி என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேனே கிளாரா! பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினேனே! அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே டாக்டரிடம் போயிருப்போம். இல்லை, அந்த ஹாரன்தான் பிஞ்சுக் காதைக் கெடுத்துவிட்டதோ என்றும் தோன்றுகிறது. அப்படித்தான் என்று டாக்டர் சொன்னால் என்னிடம் மறைக்காதே. என் கையாலேயே அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவேன்.

வியாழக்கிழமை காலையில் பாய் கடை திறந்ததும் போய் நின்றுவிட்டேன். ஓடவிட்டுப் பார்த்தால்தானே நின்று நின்று வருகிறது, முழுசாக இறக்கிவைத்துக்கொண்டு பார்த்துவிடலாம் அண்ணே, செத்த பொறுங்க என்றார். பாதி இறங்கியபோது கரண்ட் போனது. கரண்ட் வந்து முதலிலிருந்து மறுபடி இறங்கியது. நான் ஸ்டூலை விட்டு எழவில்லை. ரோட்டில் குழி தோண்டினால் வைப்பார்களே, அந்தக் கூம்பு படம் போட்ட பிளேயர் ஒன்றைப் புதிதாக ஏற்றி அதில் திறந்தார். சத்தமும் படமும் ஒரே பெட்டியில், ஒன்றாக, சுத்தமாக வந்தது. நாலு தடவை கூப்பிடுகிறாய் அம்மா. நாலாம் தடவை கத்தியே கூப்பிடுகிறாய். கை தட்டுகிறாய். சாவிக்கொத்தை ஆட்டுகிறாய். பிள்ளை வளையம் கோத்துக்கொண்டே இருக்கிறான். அப்புறம் நீ ஜன்னல் பக்கம் நகர்கிறாய், உன் நிழல் அவன் வளையத்தின்மேல் விழுகிறது, அப்போதுதான் திரும்புகிறான். சிரிக்கிறான். அம்மாவக் கண்டுபிடிச்சிட்டான் பாரு என்று மாப்பிள்ளையும் சிரிக்கிறார். ஆறு தடவை பார்த்தேன். ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன், கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்தேன். மாற்ற வேறு சாமான் எதுவும் மிச்சமில்லை. கோளாறு என்ற சொல்லை என் பேரனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அதனால் சொல்கிறேன், கேள். நாளைக்கே ஒரு நல்ல காது டாக்டரைப் பார். பிள்ளைகளுக்கென்று மெஷின் வைத்துப் பார்க்கிற இடம் மஸ்கட்டில் இருக்கும், விசாரி. ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், லேட்டாத்தான் திரும்பும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு டாக்டரிடம் போ. சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறதாம், பாய் நெட்டில் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, நீ கவனிக்கலையா, நான் கவனிக்கலையா என்று இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள், நாங்களே கவனிக்கவில்லை. உன் மாமியாருக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். வீட்டில் சோதித்துப் பார்ப்பதானால் நிழல் விழாமல் நில், தரையில் காலைத் தட்டாதே, அதிர்வில் திரும்பிவிடுவான், நாம் ஏமாந்துபோவோம். என் பேச்சு முழுவதும் தப்பாகப் போகட்டும். கிழவனுக்குக் கிறுக்கு என்று நீ போன் போட்டுத் திட்டு, வாயை மூடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் விடவும் இல்லை. நேற்று சனிக்கிழமை அவளை சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாயிடம் கண்ணைக் காட்டிவிட்டு, ஸ்பீக்கர் குமிழை என் கையாலேயே திருகி அடைத்துவிட்டு, இன்னமும் சத்தம் வரல புஷ்பம், படம் மட்டும் பாரு என்றேன். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிற நான், கட்டியவளுக்குச் சத்தத்தை அடைத்தேன். முழுவதும் பார்த்தாள். வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு சொன்னாள், குமிழத் திருகுனதப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் கண்ணு போயிரல. மொத நாளே எனக்குத் தெரியும். பாப்புன்னு கூப்பிட்டா ஒதடு ரெண்டு தடவ ஒட்டிப் பிரியும், எம்மவ வாய் எனக்குத் தெரியாதா, நாலு மட்டம் கூப்பிட்டா, புள்ள திரும்பல. அவ கூப்பிடல, மாப்பிள்ளைகிட்ட வேற ஏதோ பேசுறான்னு சத்தம் வந்தாத் தெரிஞ்சிராதான்னு ஒரு நப்பாச, அதுக்குத்தான் ஒங்கள இம்புட்டு நாளா விரட்டுனேன் என்றாள். பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். இன்று விடிந்ததும், எழுதுங்க, இன்னைக்கே எழுதுங்க, பூசி மெழுகாம எழுதுங்க என்று இந்தத் தாளை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

இன்று காலையிலிருந்து அம்மா என்னிடம் பேசுவதானால் நேரே முகத்துக்கு முன்னால் வந்து நின்று, உதட்டை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். காப்பி வேணுமா என்பதைக்கூட அப்படித்தான் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நானும் அப்படியே பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மாதாவின் அடைக்கலத்தில் நீங்கள் மூவரும் பத்திரமாக இருக்க நாங்கள் ஜெபிக்கிறோம். டாக்டரைப் பார்த்த அன்றைக்கே போன் போடு, மறந்துவிடாதே, எந்தச் சேதியானாலும் முதலில் அம்மாவிடம் சொல். பாப்பு எழுந்ததும் அவன் முன்னால் போய் உட்கார்ந்து, அவன் உன்னைப் பார்க்கிறவரை காத்திருந்து, பாப்பு என்று கூப்பிட்டு, தாத்தாவும் பாட்டியும் கொடுத்ததென்று சொல்லி ஒரு முத்தம் கொடு.

இப்படிக்கு உன் அப்பா,
சிலுவைமுத்து

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். எழுதியதையெல்லாம் படித்துவிட்டாள்.